அக்கா அனுப்பின பொம்மை மூட்டை: எது கழுவினா போகும், எது போகாது

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் ஒரு அரிசிப் பையில ஆரம்பிக்குது.

போன மாசம் அக்கா சென்னையிலிருந்து ஆம்பூர் வந்தப்போ, கார் டிக்கியிலிருந்து ஒரு 25 கிலோ அரிசிப் பையை இறக்கினா. உள்ள அரிசி இல்ல, பொம்மை. அவளோட ரெண்டு பசங்க விளையாடி முடிச்சது மொத்தமும். 2012, 2013 வாக்குல வாங்கினது, அப்புறம் பரண்ல கிடந்தது. "உன் பொண்ணுக்கு ஏழு மாசம் ஆயிடுச்சுல்லடி, இனிமே கையில கிடைச்சதெல்லாம் வாய்க்குத்தான் போகும். புதுசு வாங்கிக் காசைக் கரியாக்காதே"ன்னு சொல்லிட்டு, பிரியாணி சாப்பிட்டு, சாயங்காலமே கிளம்பிட்டா.

பிரிச்சுக் கொட்டினேன். பெரிய பிளாஸ்டிக் பிளாக்ஸ் ஒரு குவியல். குளிக்கும்போது மிதக்கிற வாத்து மூணு. ஒரு துணிக் கரடி. சிலிகான் டீத்தர். பட்டனை அமுக்கினா பாட்டுப் பாடுற ஒரு போன். மஞ்சளும் சிவப்புமா ஒரு லாரி. எல்லாத்துக்கும் அடியில ஒரு நடைவண்டி. மரம், மூணு சக்கரம், சிவப்பு பச்சை மஞ்சள் பெயின்ட். அது அக்கா பசங்களுக்காக வாங்கினதில்ல. நானும் அக்காவும் பிடிச்சு நடந்து பழகினது.

அத்தை, அதாவது என் மாமியார், வந்து எட்டிப் பாத்தாங்க. "ஏம்மா, பினாயில் ஊத்தி ஒரு நாள் ஊறப்போட்டுடு. எல்லாம் சரியாயிடும்."

அன்னைக்கு ராத்திரி பாப்பா தூங்கினப்புறம் போனை வச்சுக்கிட்டு உக்காந்தேன். படிக்கப் படிக்க ஒண்ணு புரிஞ்சது. பழைய பொம்மையில இருக்கிற அழுக்கு ரெண்டு வகை. ஒண்ணு மேல ஒட்டியிருக்கிறது: எச்சில், தூசி, கிருமி. இன்னொண்ணு பொம்மைக்குள்ளேயே கலந்திருக்கிறது. முதல் வகை சோப்புக்குப் போயிடும். ரெண்டாவது வகை பினாயிலுக்கும் போகாது, கொதிக்கிற தண்ணிக்கும் போகாது. நாம பயப்படுறதெல்லாம் முதல் வகையைப் பாத்துத்தான். ரெண்டாவது கண்ணுக்கே தெரியறதில்ல.

இந்த ரெண்டையும் பத்தி நம்ம வேலூர்லயே ஆராய்ச்சி நடந்திருக்கு. எங்கேயோ அமெரிக்கக் கணக்கு இல்ல.

முதல் ஆய்வு, வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்காரங்க பண்ணினது. ஊருக்குள்ள நெருக்கமான குடியிருப்புப் பகுதிகள்ல குழந்தைங்களைப் பிறந்ததிலிருந்து மூணு வயசு வரைக்கும் தொடர்ந்து கவனிச்சாங்க. 2011-ல் வெளியாச்சு. ஆறு மாசம் ஆகிறதுக்குள்ளேயே 56 சதவீதக் குழந்தைங்களுக்கு ரோட்டா வைரஸ் தொற்று வந்துட்டுப் போயிருந்தது. வயித்துப்போக்கை உண்டாக்குற முக்கியமான வைரஸ் அது. பிளாஸ்டிக் மாதிரி வழவழப்பான பொருள் மேல நாள்கணக்குல உயிரோட இருக்கும். ஒரு குழந்தை கடிச்சதை இன்னொரு குழந்தை கடிச்சா போதும். தமிழ்நாட்டுல 2017-லிருந்து இதுக்கான சொட்டு மருந்து அரசாங்கத் தடுப்பூசித் திட்டத்திலேயே இருக்கு. போட்டுடுங்க. ஆனா வயித்துப்போக்குக்கு வேற கிருமிகளும் இருக்கு, அதனால பொம்மையைக் கழுவுற வேலை தீராது.

ரெண்டாவது ஆய்வு 2014-ல் வந்தது. இதுவும் வேலூர் நகரக் குழந்தைங்க. ரத்தத்துல ஈயம் எவ்வளவு இருக்குன்னு பாத்தாங்க. ஈயம்னா பாத்திரத்துக்குப் பூசுற வெள்ளீயம் இல்ல, பேட்டரியில இருக்கே, காரீயம், அது. 15 மாசக் குழந்தைங்கள்ல கிட்டத்தட்ட 45 சதவீதம் பேருக்கு ஒரு டெசிலிட்டர் ரத்தத்துல 10 மைக்ரோகிராமுக்கு மேல இருந்தது. அமெரிக்காவுல இப்போ 3.5 தாண்டினாலே கவனிக்க ஆரம்பிச்சிடுறாங்க. உலக சுகாதார நிறுவனம் சொல்றது, பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. ஈயம் போனா காய்ச்சல் வராது, வாந்தி வராது. மெதுவா மூளை வளர்ச்சியில கை வைக்கும். ரத்தசோகை இருக்கிற குழந்தை இன்னும் அதிகமா உறிஞ்சிக்கும்.

அந்த ஆய்வு பொம்மைதான் குற்றவாளின்னு சொல்லல. ஈயம் பழைய பெயின்ட், மண், வீட்டுத் தூசி, பேட்டரி உடைக்கிற இடம்னு பல வழியில வருது. ஆனா ஏற்கெனவே இவ்வளவு சுமக்கிற ஊர்ல, கையில கொடுத்துக் கடிக்கச் சொல்ற பொருள்லயும் அது இருக்கணுமா?

முதல்ல பிரிக்கணும், அப்புறம்தான் கழுவணும்

நான் பண்ணின முதல் தப்பு, எல்லாத்தையும் ஒரே டப்புல போட்டது. நீங்க அப்படிப் பண்ணாதீங்க. தண்ணியைத் தொடுறதுக்கு முன்னாடி தரையில பரப்பி ஒவ்வொண்ணா கையில எடுத்துப் பாருங்க.

உடைஞ்சிருக்கா, விரிசல் விட்டிருக்கா, பெயின்ட் உரியுதா, சின்னப் பாகம் கழண்டு வருதா? சுமார் மூணு செ.மீ. அகலமுள்ள ஓட்டைக்குள்ள முழுசா நுழையற எதுவும் மூணு வயசுக்குள்ள குழந்தைக்கு ஆகாது. தொண்டையில சிக்கும். பாட்டுப் பாடுற பொம்மையில பேட்டரி மூடியைப் பாருங்க. ஸ்குரு இருக்கணும், இறுக்கமா இருக்கணும். உள்ள காசு மாதிரி பட்டன் பேட்டரி இருந்தா ரெண்டு தடவை பாருங்க. முழுங்கினா ரெண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரிச்சிடும். அக்கா கொடுத்த போன்ல ஸ்குருவையே காணோம். செல்லோடேப் ஒட்டியிருந்தாங்க. அது அங்கேயே கழிஞ்சுது.

வாத்து மூணும் பாக்க அழகா இருந்தது. அடியில ஓட்டை இருக்குல்ல, அதுல அமுக்கினேன். கறுப்பா துணுக்குத் துணுக்கா வெளிய வந்துச்சு. 2018-ல் சுவிட்சர்லாந்து விஞ்ஞானிங்க இந்த மாதிரி குளியல் பொம்மைகளை வெட்டிப் பாத்திருக்காங்க. உள்சுவர் முழுக்கப் பாக்டீரியாவும் பூஞ்சையும் வழுவழுன்னு படிஞ்சிருந்தது. உள்ள பிரஷ் போகாது, காயவும் காயாது. ஓட்டை வச்ச குளியல் பொம்மையைப் பழசா வாங்கவே வாங்காதீங்க. ஓட்டை இல்லாம முழுசா மூடினதுன்னா பரவாயில்ல.

கழுவுறது

பிளாக்ஸ், டீத்தர், ஓட்டையில்லாத கெட்டிப் பிளாஸ்டிக். இதுக்கு முதல்ல சோப்புத் தண்ணி. பாத்திரம் தேய்க்கிற லிக்விட் கொஞ்சம், வெதுவெதுப்பான தண்ணி, பழைய டூத் பிரஷ். இடுக்கு எல்லாம் தேய்ங்க. பாதிக்கு மேல வேலை இதுலயே முடிஞ்சிடும். அழுக்கோட நேரா கிருமிநாசினியில போட்டா, அது அழுக்கோடயே சண்டை போட்டு ஓஞ்சிடும்.

இங்க நம்ம ஊர்த் தண்ணியைப் பத்தி ஒரு வார்த்தை. "தண்ணி இல்லாத ஆறு"ன்னு பாலாத்தைச் சொல்லிச் சிரிப்போம். தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாத்துல கலக்கிற வழக்குல 1996-லேயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லி, மாசுபடுத்தினவங்கதான் காசு கொடுக்கணும்னுச்சு. இன்னும் ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் நிறைய வீட்டு போர் தண்ணி உப்பு. சோப்பு நுரைக்காது, காஞ்சதும் வெள்ளையாப் படியும். போர் தண்ணியில கழுவுங்க, தப்பில்ல. கடைசியா அலசுறதுக்கு மட்டும் குடிக்கிற தண்ணியை ஒரு பக்கெட் ஒதுக்கிடுங்க.

அடுத்தது கிருமி நீக்குறது. பினாயில் வேண்டாம். டெட்டாலும் வேண்டாம். ரெண்டுமே வாசனையா மேல தங்கும், குழந்தை அதையும் சேர்த்து நக்கும். கடையில கிடைக்கிற சோடியம் ஹைப்போகுளோரைட் லிக்விட், துணி வெளுக்கிறதுக்கு விக்கிறது, வாசனையோ கலரோ சேர்க்காதது வாங்குங்க. பாட்டில்ல சதவீதம் போட்டிருக்கும், பெரும்பாலும் 4. அப்படின்னா ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு டீஸ்பூன், 5 மில்லி. ரெண்டு நிமிஷம் முக்கி வைங்க, நல்லா அலசுங்க, தானா காய விடுங்க. வீட்டுல யாருக்காவது வயித்துப்போக்கு, வாந்தின்னா மட்டும் ஒரு லிட்டருக்கு அஞ்சு டீஸ்பூன், அஞ்சு நிமிஷம். அப்புறம் இன்னும் நல்லா அலசணும். அன்னைக்குக் கலக்கினதை அன்னைக்கே கொட்டிடணும். பாட்டில் மேல தேதி பாருங்க, நம்ம வேலூர் வெயிலுக்கு அது மாசக்கணக்குல வீரியம் இழந்துட்டே வரும். மூட்டையில விக்கிற பிளீச்சிங் பவுடரை இதுக்கு எடுக்காதீங்க, அதுல எவ்வளவு வீரியம் மிச்சம்னு கண்ணால சொல்ல முடியாது.

ரொம்ப முக்கியமா, இதோட ஆசிட்டையோ டாய்லெட் கிளீனரையோ வினிகரையோ கலக்கவே கூடாது. குளோரின் வாயு வரும். கதவைத் திறந்து வச்சுக்கிட்டு, குழந்தையை வேற ரூம்ல விட்டுட்டுப் பண்ணுங்க.

சிலிகான் டீத்தரை அஞ்சு நிமிஷம் கொதிக்க வச்சாலே போதும், கெமிக்கலே தேவையில்ல. உள்ள ஜெல், தண்ணி அடைச்ச டீத்தரைக் கொதிக்க வைக்காதீங்க, பழசுன்னா வாங்கவும் வேண்டாம். துணிக் கரடி வாஷிங் மெஷின்ல 60 டிகிரி. மெஷின் இல்லைன்னா சூடு தாங்குற அளவு சுடுதண்ணியில சோப்பு போட்டு அலசி, வெயில்ல உள்பஞ்சு வரைக்கும் காய வைக்கணும். எங்க கரடிக்கு ரெண்டு முழு நாள் ஆச்சு. வெளிய காஞ்சு உள்ள ஈரமா இருந்தா அதுவும் வாத்து கதைதான். பிளாஸ்டிக்கை மட்டும் நாள் முழுக்க வெயில்ல விடாதீங்க, வெடிச்சுப் போகும்.

சென்னபட்டணம் மாதிரி அரக்கு பூசின மர பொம்மையா இருந்தா தண்ணியில ஊறப்போடக் கூடாது. சானிடைசரும் போடக் கூடாது, ஸ்பிரிட்டுல அரக்கு கரைஞ்சிடும். சோப்புத் தண்ணியில நனைச்சுப் பிழிஞ்ச துணியால துடைச்சு, உடனே ஈரம் போகத் துடைங்க.

ஸ்டிக்கர் பசை போகலன்னு, வீட்டுல இருக்கேன்னு ஷூ ஒட்டுற சொல்யூஷன், தின்னர் எதையும் தொடாதீங்க. நம்ம பெல்ட்டுல பாதி வீட்டுல அது கைக்கெட்டுற தூரத்துல இருக்கும், அதனாலதான் சொல்றேன். தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிஷம் விடுங்க, வந்துடும்.

கழுவினாலும் போகாதது

மஞ்சள் சிவப்பு லாரிக்கு வருவோம். உடையல, நல்லாத்தான் இருந்தது. ஆனா 2018-ல் இங்கிலாந்துல பிளைமவுத் பல்கலைக்கழகத்துல ஒரு விஞ்ஞானி 200 பழைய பிளாஸ்டிக் பொம்மைகளை எக்ஸ்ரே முறையில சோதிச்சுப் பாத்தார். வீடு, நர்சரி, பழைய பொருள் கடையிலிருந்து எடுத்தது. ஈயம், காட்மியம் மாதிரி உலோகங்கள் பலதுல இருந்தது. அதுலயும் மஞ்சள், சிவப்பு, கறுப்பு நிறத்துல அதிகம். அந்தக் காலத்துல பளிச்சுன்னு கலர் வர அதைத்தான் கலந்தாங்க. பெரிய பிராண்டுன்னா தப்பிச்சோம்னும் இல்ல, 2007-ல் மேட்டல் கம்பெனியே ஈயப் பெயின்ட் இருக்குன்னு லட்சக்கணக்குல பொம்மைகளைத் திரும்ப வாங்கிக்கிச்சு.

நம்ம நாட்டுல பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் ஆனது 2021 ஜனவரி 1-லிருந்துதான். வீட்டுப் பெயின்ட்டுல ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல இருக்கக் கூடாதுங்கிற விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர்ல. அதனால நான் வச்சுக்கிட்ட கணக்கு இது. முத்திரை இருந்து, 2021-க்கு அப்புறம் வாங்கினதுன்னு தெரிஞ்சா தயங்க வேண்டாம். அதுக்கு முன்னாடி வாங்கினது, அடர் மஞ்சள், சிவப்பு, கறுப்பு, இல்ல பெயின்ட் அடிச்சதுன்னா, வாய்ல வைக்கிற வயசுக் குழந்தைக்கு வேண்டாம். எங்க பிளாக்ஸ்லேயே மஞ்சளையும் சிவப்பையும் எடுத்துட்டேன். நீலமும் பச்சையும் சுத்தம்னு எனக்குச் சத்தியம் யாரும் பண்ணித் தரல. வாய்ப்பு குறைவு, அவ்வளவுதான்.

இதுக்காகக் கழுவுறதே வீண்னு நினைக்காதீங்க. தரையில விழுந்து ஒட்டின தூசியிலயும் ஈயம் இருக்கும், அது கழுவினா போகும். வாரத்துக்கு ஒரு தடவை பொம்மையைக் கழுவுறது, ஈரத்துணியால தரையைத் துடைக்கிறது, சாப்பிடும் முன்னாடி குழந்தை கையைக் கழுவுறது, மூணுமே உதவும். டேனரியிலிருந்தோ ஷூ கம்பெனியிலிருந்தோ வர்றவங்க துணி மாத்திட்டுக் குழந்தையைத் தூக்குங்க. சந்தேகம் இருந்தா டாக்டர்கிட்ட ரத்தத்துல ஈயம் டெஸ்ட் பத்திக் கேளுங்க, ஹீமோகுளோபினும் சேர்த்துப் பாக்கச் சொல்லுங்க.

நடைவண்டியோட கைப்பிடியில பல் தடம் இருக்கு. என்னோடதா அக்காவோடதா தெரியல. பெயின்ட் அந்த இடத்துல முழுசா போயிடுச்சு. போச்சுன்னா எங்க போச்சு? வயித்துக்குள்ளதான்.

என் வீட்டுக்காரர் சொன்னார், "உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு புது பெயின்ட் அடிச்சுடலாம்." நல்ல மனசோட சொன்னது, ஆனா அதுதான் இருக்கிறதுலயே மோசமான யோசனை. பழைய பெயின்ட்டைத் தேய்ச்சா ஈயம் பொடியா வீடு முழுக்கப் பறக்கும். தேய்க்காம மேலேயே புதுசா அடிச்சாலும், பல் முளைக்கிற குழந்தை சுரண்டிடும்.

அக்காவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அவளுக்குக் கோபம். "நாம ரெண்டு பேரும் அதைக் கடிச்சுத்தான்டி வளந்தோம். நமக்கு என்ன ஆச்சு?"

"நமக்கு யாருக்கா டெஸ்ட் எடுத்துப் பாத்தா?"

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் மெதுவா கேட்டா, "அப்போ என் பசங்க? அவங்களும் அதைப் பிடிச்சுத்தானே நடந்தாங்க." அந்தக் கேள்விக்கு நான் தயாரா இல்ல. பெரியவனுக்கு இப்போ பதிமூணு. ரத்தத்துல ஈயம் ஒரு மாசத்துலயே பாதியாக் குறைய ஆரம்பிச்சிடும், மிச்சம் எலும்புல போய் உக்காந்துக்கும். இப்போ டெஸ்ட் எடுத்தா இப்போ என்னன்னு தெரியும், அப்போ என்னன்னு தெரியாது. அதை அப்படியே சொன்னேன். "சரி, இப்போ என்னன்னாவது பாத்துடுறேன்"னா.

அத்தையோட குதிரை

மூட்டையில இல்லாத பொம்மை ஒண்ணு இருக்கு. எங்க அத்தை பல வருஷமா வீட்டுலயே ஷூ அப்பர் தைக்கிறாங்க. ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் எத்தனையோ பெண்கள் பண்ற வேலை. ஊசி, நூல், ஜோடிக்கு இவ்வளவுன்னு கூலி. மிச்சம் விழுந்த தோல் துண்டுல பாப்பாவுக்கு ஒரு குதிரை தைச்சுக் கொடுத்தாங்க. தையல் பிரிக்கவே முடியாது, அவ்வளவு நேர்த்தி.

இப்போ ஷூவுக்கு வர்ற தோல்ல பெரும்பாலும் குரோமியத்துல பதனிட்டது. அதுல இருக்கிற குரோமியம் மூணு, அவ்வளவு ஆபத்தில்ல. ஆனா பதனிடுறது சரியில்லன்னாலோ, சூட்டுல, நாள்பட, கொஞ்சம் குரோமியம் ஆறா மாறலாம். அது தோல் அலர்ஜி, புற்றுநோய் வரைக்கும் போற ஆசாமி. ஐரோப்பாவுல 2015-லிருந்து உடம்புல படுற தோல் பொருள்ல அது கிலோவுக்கு 3 மில்லிகிராம் தொட்டாலே விக்கக் கூடாது. ஷூவுக்கே அப்படின்னா, எச்சில்ல ஊறுற பொம்மைக்கு? நான் முதல் நாள் டப்புல போட்டேன்னு சொன்னேன்ல, அதுல குதிரையும் இருந்தது. அன்னைக்கு அதுல பிளீச் ஊத்தல, தப்பிச்சேன். குரோமியம் மூணை ஆறா மாத்துறதுக்கு பிளீச்சே போதும். தோலைச் சுத்தம் பண்றேன்னு யாரும் அதுல முக்காதீங்க. துண்டை அடுப்புல போட்டு எரிக்கவும் வேண்டாம்.

அத்தைகிட்ட எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு நாள் யோசிச்சேன். கடைசியில நேராவே சொல்லிட்டேன். "அத்தை, உங்க தையல்ல ஒண்ணும் குறை இல்ல. தோல்தான் பாப்பா வாய்க்கு ஆகாதாம்." ஒண்ணும் பேசாம குதிரையை வாங்கிக்கிட்டுப் போனாங்க. எனக்குச் சங்கடமாப் போச்சு.

மூணாம் நாள் காலையில பாத்தா, அதே அளவுல இன்னொரு குதிரை. சாயம் போகாத பழைய காட்டன் புடவையில, உள்ள துவைச்ச துணித் துண்டு அடைச்சு, கண்ணு பட்டன் வைக்காம நூல்லயே தைச்சது. "இதைக் கொதிக்கிற தண்ணியில கூடப் போடலாம்மா"ன்னாங்க.

நடைவண்டி பிளாஸ்டிக் கவர்ல சுத்திப் பரண்ல இருக்கு, மேல "குழந்தைக்கு இல்ல"ன்னு மார்க்கர்ல எழுதியாச்சு. பிளாக்ஸ் வாராவாரம் ஞாயித்துக்கிழமை டப்புக்குப் போகுது. குதிரைக்கு ஒரு காது பெருசா, ஒரு காது சின்னதா வந்துடுச்சு. பாப்பா பெரிய காதைத்தான் கடிக்கிறா.